மூடிய சிலையும் மை இல்லாத அச்சும்

தாம்பரத்தில் தலைவர்களை எல்லாம் துணி போட்டு மூடிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். சிலைகளைப் பார்க்கவென்றே கடல் தாண்டி வந்தவளுக்கு முதல் நாள் கிடைத்த வரவேற்பு இதுதான். ஆட்டோவை விட்டு இறங்கி, அண்ணாந்து பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கென்றே யாரோ செய்த வேலை என்றுதான் முதலில் தோன்றியது. என் மனம் அப்படி. எதைக் கண்டாலும் இதற்குப் பின்னால் யார் என்று கேட்கும்.

ஆட்டோக்காரர் முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "எலெக்‌ஷன் டைமுக்கா. தேதி சொல்ட்டாங்கல்ல, அல்லா சிலையும் மூடிருவாங்க. ஓட்டு எண்ணி முடிஞ்சாதான் தொறப்பாங்க."

"இதை ஏறும்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீ சிலை பாக்கணும்னு சொன்ன. சிலை கீதுல்ல?"

அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது.

நான் பினாங்கில் தம்பியோடு சேர்ந்து ஒரு சிறிய அச்சுக்கூடம் நடத்துகிறேன். அச்சடிப்பது எங்கள் வேலை அல்ல. அடித்து முடித்த தாளுக்கு மேல்வேலை செய்பவர்கள் நாங்கள். தங்க ஃபாயில் ஒட்டுவது, எழுத்தைப் புடைக்க வைப்பது, ஓரங்களை வளைத்து வெட்டுவது. கல்யாண அழைப்பிதழ் வந்ததும் உள்ளே படிக்காமல் முதலில் விரலால் தடவிப் பார்ப்பீர்களே ஒரு பிள்ளையார், அவர் எங்கள் கைவேலை. எங்கள் ஊர்த் தமிழ் வாசகர் சங்கம் தன் பொன்விழா மலருக்கு அட்டை செய்யும் பொறுப்பை எங்களிடம் தந்திருந்தது. முதலில் எங்கள் தீவுக்குப் பெயர் தந்த பாக்கு மரத்தை வரைந்து கொடுத்தேன். அடுத்து தீவுக்குப் போய்வரும் பழைய ஃபெர்ரிப் படகு. இரண்டையும் குழு ஒரே வாக்கியம் சொல்லித் திருப்பி அனுப்பியது: "பார்த்த மாதிரியே இருக்கிறது." மூன்றாவதும் திரும்பினால் வேலை கோலாலம்பூருக்குப் போய்விடும். அது போனால் இயந்திரத்தை விற்றுவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம் என்று தம்பி ஆள் பார்த்து வைத்திருக்கிறான். அந்த ஆள் வந்து, டேப் போட்டு இயந்திரத்தை அளந்துகூடப் போய்விட்டான்.

அட்டை அளவுக்குப் புடைக்க வைக்கும் பெரிய இயந்திரம் எங்களிடம் இல்லை. பித்தளை அச்சுகளை எப்போதும் திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்துதான் வரவழைப்போம். இந்த முறை அட்டையையே அங்கே செய்து எடுத்து வருவது என்று நானே கிளம்பி வந்தேன். படத்தை மின்னஞ்சலில் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. போன வருடம் ஒரு மயிலை வரைந்து இரண்டு மூன்று பேருக்கு அனுப்பினேன். நான் கார்டைச் செய்து முடிப்பதற்குள் அதே மயில், அதே கொண்டையோடு, வேறொரு கடைக் கண்ணாடியில் நின்றது. அனுப்பிய இரண்டு மூன்று பேரில் யார் என்று இன்றுவரை தெரியாது. அதனால் எல்லோரையும் சந்தேகப்படுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

தங்கியது கீழ்க்கட்டளையில், பெரியப்பா மகன் ரவி அண்ணன் வீட்டில். அண்ணன் அரசுப் பள்ளி ஆசிரியர். "படத்துக்கு ஐடியா வரலியா? இங்க வா. நம்ம பக்கம் சிலைக்கா பஞ்சம்?" என்று தொலைபேசியில் சொன்னது அவர்தான். புடைப்பு வேலை செய்கிறவளுக்குச் சிலைகளைச் சுற்றிப் பார்ப்பது, சமைக்கிறவள் சந்தைக்குப் போவது மாதிரி. வேட்டி மடிப்பு எந்த இடத்தில் நிழல் தரும், மூக்கு எவ்வளவு எழும்பினால் வெளிச்சம் பிடிக்கும் என்பதையெல்லாம் கண்ணால் அளந்து வரலாம். எங்கள் ஊரிலும் தெருச் சிலைகள் உண்டு. சுவரில் கம்பியை வளைத்துச் செய்த கேலிச் சித்திரங்கள். அவற்றின் முன்னால் உலகமே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. அவற்றில் ஒன்றை நான் அட்டையில் போட்டால் குழு என்ன சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும்.

தேர்தல் நேரத்தில் சிலைகளை மூடுவார்கள் என்பது அண்ணனுக்குத் தெரியாதா? மூட்டையின் முன்னால் நின்றபோது அதைத்தான் யோசித்தேன். அன்று காலை ஆட்டோ பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. செயலியில் கூப்பிட்ட ஆட்டோக்கள் வரிசையாக ஒப்புக்கொண்டன, போன் செய்து "எங்க போணும்?" என்று கேட்டன, பிறகு மறைந்துபோயின. கடைசியில் ஸ்டாண்டில் காதில் பென்சில் செருகிக்கொண்டு குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்த இவர் கிடைத்தார். பேரம் பேசாமல் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டார். பேரம் பேசாத ஆட்டோக்காரர் என்றால் கண்டிப்பாக ஏதோ இருக்கிறது என்று கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஒரு சிலை விடாமல் காட்டினார். எல்லாமே மூட்டை. எந்தத் தலைவர் எங்கே என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரையையும் துணி போட்டு மூடச் சொல்வார்கள்.

நாலாவதோ ஐந்தாவதோ சிலைக்கு எதிரே ஒரு டீக்கடை. வெயில் மண்டையைப் பிளந்தது. டீயைக் குடித்தால் அது பாயசம். ஆற்றி நுரைக்க வைக்கும் எங்கள் ஊர் தே தாரிக்கே தித்திப்புதான், ஆனால் இது வேறு லெவல். சீனி இல்லாமல் இன்னொன்று கேட்டேன். மாஸ்டர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பேச்சுக்கு, அந்தத் தலைவர் கையில் என்ன வைத்திருப்பார் என்று கேட்டேன்.

"புக்கு," என்றார் மாஸ்டர்.

"புக்கா? இன்னா மாஸ்டர் நீ, துண்டு. கையில துண்டு மடிச்சி வெச்சினு இருப்பாரு," என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

"யோவ், தெனிக்கும் காலைல அவர் மூஞ்சிலதான் கடய தொறக்குறேன். எனக்குத் தெரியாதா? புக்கு."

"அந்தக் கை மேல தூக்கினு கீது. தூக்கின கையில எவன்யா புக்கு வெச்சிப்பான்?"

ஆட்டோக்காரரும் கலந்துகொண்டார். கண்ணாடி உண்டு என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர். தினமும் அந்த நிழலில் வண்டி நிறுத்துகிறவர்கள். மூடிய பிறகுதான் அவர்கள் அந்தச் சிலையை முதன்முதலாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது கடல் காற்று வந்தது. பிற்பகலானால் அது தாம்பரம் வரை வருமாம். தொளதொளவென்று கிடந்த வெள்ளைத் துணி முதலில் உப்பியது, பிறகு சட்டென்று சிலையோடு ஒட்டியது. நெற்றி தெரிந்தது. மூக்குத் தண்டு, கண்ணாடியின் ஓரம், நீட்டிய கையின் விரல் முட்டி எல்லாம் தெரிந்தன. பிறகு காற்று விட்டது, மறுபடி வெறும் மூட்டை. டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். மையோ ஃபாயிலோ போடாமல் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே புடைக்க வைக்கும் வேலை ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. யாரும் கேட்க மாட்டார்கள். காசு கொடுத்து வெறும் தாளை வாங்குவானேன் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான், செய்து பல வருடமாகிவிட்டது. அட்டை முழுக்க வெள்ளை. அதில் மூடி வைத்த ஓர் உருவம். விரலால் தடவினால் மட்டும் மூக்கும் கையும் மடிப்பும் தெரியும். உள்ளே யார் என்று பார்க்கப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. யாராவது பார்த்து விடுவார்களோ என்று பயந்துகொண்டு, வளைய வளைய வந்து மூட்டையைப் படம் எடுத்தேன்.

"மேடம் எந்த பேப்பர்?" என்றார் துண்டு கட்சிக்காரர்.

"பேப்பர் இல்லை."

"அப்போ எந்தக் கட்சி?" என்று மாஸ்டர் மெதுவாகப் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எனக்கும் கேட்டது.

மறுநாள் அண்ணி கல்பனா விடவில்லை. கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வாசலில் பெரிய குதிரைகள் வைத்திருக்கிறார்கள், அதை யாரும் மூட மாட்டார்கள் என்று இழுத்துப் போனார். ஃபைபர் குதிரைகள், முன்னங்கால் தூக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு. தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் வாளிச் சத்தம். காவலாளி ஓடி வந்து, தட்டக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது என்றார். குதிரையைத் திருடிக்கொண்டு போக வந்தவள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது. திரும்பும் வழியில் பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊர் ரொட்டி சானாய் வீசி வீசித் துணி போல் மெலியும். இங்கே சுருட்டி அடித்து நூல் நூலாகப் பிரிக்கிறார்கள். சால்னாவில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டேன். சர்வர், "எல்லாம்தான் போடுறோம்," என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

மாலை முழுக்க அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தேன். அண்ணி காபி கொண்டு வந்தபோது கைத்துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டேன். "நான் என்ன எடுத்துட்டா போகப் போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு தோசை சற்றுக் கருகித்தான் வந்தது.

அடுத்த நாள் அதே ஆட்டோவில் திருமுடிவாக்கம். சிறு தொழிற்சாலைகள் நிறைந்த எஸ்டேட். எங்கு பார்த்தாலும் இரும்பை அறுக்கிற சத்தம், எண்ணெய் வாடை. பட்டறை ஒரு தகர ஷெட். உரிமையாளரோடு பல வருடமாக வாட்ஸாப்பில் பேசியிருக்கிறேன், ஆளை அன்றுதான் பார்த்தேன். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. ஆர்டர் விஷயம் எல்லாம் முன்பே எழுதியிருந்ததால் நேராகப் படத்தை விரித்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"யாருங்க மேடம் இது?"

"யாருமில்லை."

"யாருமில்லாதவருக்கா சிலை வெப்பாங்க?"

"கற்பனை, சார். மூடிய சிலை. அவ்வளவுதான்."

"கலர்?"

"கலர் கிடையாது. மை, ஃபாயில் எதுவும் வேண்டாம்."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "பார்த்தா தெரியக் கூடாது, தொட்டா தெரியணும். அதுவும் எலெக்‌ஷன் டைம்ல, ஒரு தலைவர் சிலை." குரலைத் தாழ்த்தினார். "மேடம், உண்மையைச் சொல்லுங்க. இது எங்க விநியோகம் ஆகப் போகுது?"

தேர்தல் முடியும்வரை அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது என்று அப்போதுதான் விளங்கியது. கட்சி சம்பந்தப்பட்ட எதை அடித்தாலும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். அடிக்கக் கொடுப்பவர் தான் யாரென்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சியும் போட வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு விழும். இது சங்கத்து மலரின் அட்டை என்று நான் சொன்னேன். இருந்தாலும் ஒரு கையெழுத்தும் பாஸ்போர்ட் நகலும் கொடுத்துவிடுங்கள், அட்டையில் ஒரு மூலையில் எங்கள் பெயரையும் போட்டுவிடுகிறேன், இரண்டு பேருக்கும் நல்லது என்றார் அவர்.

என் வெள்ளை அட்டையில் பட்டறை விளம்பரமா? பாஸ்போர்ட் நகல் எதற்கு? என் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு படம் தன்னுடையது என்று சொல்வதற்கா? முடியாது என்றேன். பில்லில் என் பெயரைப் போடவும் வேண்டாம், பில்லே வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒருவர்மேல் ஒருவருக்கு இத்தனை சமமான அவநம்பிக்கை இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"பொஸ்தக அட்டைதானே," என்று கடைசியில் பெருமூச்சு விட்டார். "சங்கத்துப் பேரு சொல்றீங்க. சரி, செய்யறேன்."

படத்தை அங்கே விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த டீயையும் சீனி இல்லாமல் கேட்டு வாங்கிக் குடித்தேன். பக்கத்துப் பட்டறையின் கணினி இயந்திரத்தில் பித்தளைத் தகட்டைக் கடைந்தார்கள். நான் அங்கேயும் பின்னால் போய் நின்றேன். கடைந்து வந்த தகட்டில் துணி மடிப்புகள் படிக்கட்டு போல் விறைப்பாக இருந்தன. உரிமையாளர் சிறு உளியை வைத்து ஒவ்வொரு மடிப்பாக வழித்தார். "காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று ஒருமுறை கேட்டார். சொன்னேன். மடிப்புகளை அந்தப் பக்கமாகச் சாய்த்தார். நல்ல கேள்விதான். ஆனாலும் இவ்வளவு அக்கறை ஏன் என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது.

மதியம் எஸ்டேட் வாசலில் வண்டிக்காரரிடம் கேழ்வரகுக் கூழ். மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, சின்ன வெங்காயம். தண்ணீர் எந்தக் குழாய் என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தேன். எங்கள் ஊர் நாசி கண்டார் சோற்றையும் குழம்பையும் ஒரு வாரத்துக்கு மறக்கலாம் போல் இருந்தது. வெளியே ஆட்டோவில் ஆட்டோக்காரர் குறுக்கெழுத்தோடு காத்திருந்தார். காத்திருப்புக்கு எவ்வளவு கேட்கப் போகிறாரோ என்ற கவலையில் கூழின் கடைசி வாய் ருசிக்கவில்லை.

மறுநாள் முதல் அட்டை வந்தது. கீழே பித்தளை அச்சு, மேலே அதற்குப் பொருந்துகிற எதிர் அச்சு, நடுவில் பருத்திக் கூழில் செய்த தடித்த தாள். ஒரே அழுத்து. உரிமையாளர் தாளை எடுத்து, ஷெட்டின் வாசலுக்குக் கொண்டு போய், வெயிலுக்குச் சாய்வாகப் பிடித்தார். ஒன்றுமே இல்லாத தாளில் மெல்ல ஒரு முகம் எழும்பியது. காற்று அதைத் துணியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன். கண்ணில் எண்ணெய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

படம் பிடித்துச் சங்கக் குழுவுக்கு அனுப்பினேன். செயலாளரிடமிருந்து உடனே பதில் வந்தது. "உள்ளே யார்?" என்று கேட்டிருந்தார். அடுத்த நிமிடம் தலைவரும் அதையே கேட்டார். பார்த்த மாதிரி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. முந்நூறு அட்டையோடு வந்து சேருங்கள், மலர் வெளியீட்டுக்கு வேறு நாள் இல்லை என்றார்கள். தம்பிக்கும் அனுப்பினேன். அவன் "ம்" என்று போட்டான். அவனிடமிருந்து அது பெரிய வார்த்தை.

அட்டைகளை அழுத்தி முடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். உரிமையாளர் ஓர் அட்டையைச் செய்தித்தாளில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு சார்?" என் குரல் ஷெட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

"தாலுகா ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார். காட்டி, இதுக்குத் தடை ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதி வாங்கிடலாம்னு..."

"என் படத்தை ஊரெல்லாம் காட்டுவீங்களா?"

"ஊரெல்லாம் இல்ல மேடம். ஒருத்தர்கிட்ட."

"கிழிங்க."

அவர் முகம் சுருங்கியது. பையிலிருந்து எடுத்து, என் கண் முன்னாலேயே குறுக்கே கிழித்தார். பருத்தித் தாள் லேசில் கிழியாது. இரண்டு கையாலும் முறுக்கித்தான் கிழிக்க வேண்டியிருந்தது. பித்தளை அச்சையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். பணத்தைக் கொடுத்தேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றியபோது மயிலுக்காகப் பழி வாங்கியது போல் இருந்தது, உண்மையைச் சொன்னால்.

பம்மல் தாண்டியதும் வண்டிகளை ஓரம் கட்டச் சொன்னார்கள். தேர்தல் பறக்கும் படை. ஒரு பெண் அதிகாரி, இரண்டு காவலர்கள், எல்லாவற்றையும் படம் பிடிக்கும் ஒரு வீடியோக்காரர். பணம், புடவை, கொலுசு என்று எதையாவது பார்ப்பார்கள், நமக்கென்ன என்று உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். வீடியோக்காரர் கேமராவோடு குனிந்தார். என் அட்டை! நான் துப்பட்டாவை உருவி அப்படியே பெட்டியின் மேல் போட்டு மூடினேன்.

அதைவிட மோசமான காரியத்தை அந்த இடத்தில் யாரும் செய்திருக்க முடியாது.

"எடுங்கம்மா துணிய," என்றார் அதிகாரி. ஓர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறும் அட்டை மாதிரி இருக்கு." வெயில் அதன்மேல் சாய்ந்து விழுந்தது. "இல்லையே, ஆள் இருக்காரே. யாரும்மா இது?"

"யாருமில்லைங்க."

"அச்சகம் பேரு எங்க?"

"போடலைங்க."

"பில்லு?"

"வாங்கலைங்க."

போனைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மூடிய சிலை, மூடிய சிலை, இன்னொரு கோணத்தில் மூடிய சிலை. அதிகாரி விரலால் தள்ளிக்கொண்டே போனார். "ஏம்மா, ஊர்ல இருக்கிற அத்தனை மூடின சிலையையும் எடுத்து வெச்சிருக்கீங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட். பேரு இல்லாத அட்டை. நான் என்னன்னு நினைக்கிறது?" கேள்வி நியாயமானது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆட்டோவையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பேன். சரிபார்க்கும்வரை பெட்டி இங்கேதான் இருக்கும், நாளையோ மறுநாளோ வந்து விளக்கம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் காலை எனக்கு விமானம். அட்டை இல்லாமல் போய் இறங்கினால் வெளியீடு இல்லை, இயந்திரமும் இல்லை. கெஞ்சினேன்.

"உள்ளூர்ல உங்களத் தெரிஞ்சவங்க யாராவது வந்து, இது இன்னதுன்னு எழுதிக் குடுத்தா பார்க்கலாம்."

அண்ணனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு எலெக்‌ஷன் ட்யூட்டி போட்டிருக்காங்க. இந்த நேரத்துல நான் எதுலயும் கையெழுத்துப் போட முடியாது. நீ என்ன அடிச்சேன்னு எனக்கே தெரியாதே. கல்பனாகிட்டகூட நீ காட்டலைன்னு சொன்னா." அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே எண், பட்டறையினுடையது. அடித்தேன். முழு மணியும் அடித்து நின்றது. எடுக்க மாட்டார், ஏன் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி அடித்தேன். எடுத்தார். நடந்ததைச் சொன்னேன், அழுகையும் கூடவே வந்துவிட்டது. "அங்கயே இருங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்கால நெரிசலில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, விபூதி கலைந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். "என் பட்டறையில அடிச்சதுதான் மேடம். பொஸ்தக அட்டை. தப்பா இருந்தா என் ஷெட்டைப் பூட்டுங்க."

"இவங்களத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பேரு சுகந்தி. பினாங்குல தம்பி குமரனோட சேர்ந்து கூடம் வெச்சிருக்காங்க. அங்க தமிழ் வாசகர் சங்கத்துப் பொன்விழா, அதுக்குத்தான் இது. இந்த அட்டை போகலன்னா அவங்க மெஷினை வித்துடுவாங்க." எப்போதோ நான் வாட்ஸாப்பில் புலம்பியதை எல்லாம் அவர் படித்திருக்கிறார். "சர்க்கரை இல்லாம டீ குடிப்பாங்க. யாரையும் நம்ப மாட்டாங்க. மத்தபடி நல்லவங்க."

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். வீடியோக்காரர் பாடுபடவில்லை. உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதம் என் பக்கம் திரும்பியது.

"நீங்களும் எழுதுங்க. இன்னார்கிட்ட அடிச்சு வாங்கினேன்னு. இவர் பேரு என்ன?"

பேனாவை வாங்கிக்கொண்டேன். என் போனில் அவர் "திருமுடிவாக்கம் எம்போஸிங்". வாட்ஸாப்பில் சார். நேரில் சார். நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் கையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறேன். அவருக்கு எந்தக் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.

"சார்..." என்றேன்.

"சார்னு எழுத முடியாதும்மா."

அவர்தான் சொன்னார், என்னைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்து: "தனசேகர். அப்பா பேரு முருகேசன்." எழுத்துக்கூட்டி எழுதினேன். கன்னம் எரிந்தது. பெட்டியை மூடுமுன் அவர் அட்டைகளின் முனை எதுவும் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, சரிசெய்து, நூலால் கட்டி ஆட்டோவில் ஏற்றினார். நான் நன்றி சொல்லுமுன், "ஃப்ளைட்ல கீழ வெச்சிடாதீங்க, பொடைப்பு அமுங்கிடும்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

வண்டி பல்லாவரம் மேம்பாலம் ஏறியது. முன்னால் ஆட்டோக்காரர். இத்தனை நாளாக வெயிலில் எனக்காகக் காத்திருந்தவர். காத்திருந்ததற்கு அதிகமாக எதுவும் கேட்கவும் இல்லை. அவருடைய பிடரியையும் சட்டைக் காலரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முன்னால் குனிந்து, "உங்க பேர் என்ன அண்ணா?" என்றேன்.

வண்டியின் வேகம் குறைந்தது. கண்ணாடியில் அவர் கண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தன.

"இன்னாத்துக்குக்கா கேக்குற?"